குறுந்தொகையை மேற்கோள் காட்டினால் கருத்துத் திருட்டா? பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர், உறுப்பினர்கள், பல்கலைக்கழக மானியக் குழு, புதுதில்லி
படி: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பதிவாளர்கள், கல்விப் பேரவையினர்

ஐயா, அம்மையீர்,

2024 அக்டோபர் 3-ஆம் நாள் கூட்டத்தில் முடிவெடுத்து, 2025 பிப்ரவரியில், ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறித்த உங்கள் 'கேர்' பட்டியலைக் கைவிடுவதாக அறிவித்தீர்கள். எந்த ஆய்விதழ் நல்லது, எது போலி என்பதை இனி அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சில பரிந்துரைக் கூறுகளைக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டீர்கள். பட்டியல் போனதற்காக நாங்கள் வருந்தவில்லை. அதன் குறைகளை அதில் இடம்பெற்ற இதழ்க்காரர்களே சொல்வார்கள். பட்டியல் இருந்த காலத்தில் அதை நம்பி எழுதப்பட்ட விதிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பட்டியல் மட்டும் இல்லை. எங்கள் மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது.

ஆய்வை அளக்க நீங்கள் தந்த கோல்கள் மூன்று: கட்டுரை எந்த இதழில் வந்தது, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் எத்தனை விழுக்காடு வந்தது, ஆசிரியர் நியமனத்துக்கும் பணி மேம்பாட்டுக்கும் மொத்தம் எத்தனை புள்ளி சேர்ந்தது. தமிழில் எழுதப்படும் ஆய்வில் இந்த மூன்றுமே தலைகீழாக வேலை செய்கின்றன. நேர்மையாக மேற்கோள் காட்டியவரைப் பிடிக்கின்றன, பிறர் ஆய்வேட்டை அள்ளிக்கொண்டவரை விட்டுவிடுகின்றன. எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலில் ஒப்புமைச் சோதனை. 2018 ஜூலையில் வந்த உங்கள் கருத்துத் திருட்டு ஒழுங்குமுறைப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் திருத்தி மீண்டும் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களுக்கு 14 சொல் வரை விலக்கு உண்டு.

இந்த 14 என்ற எண் எந்த மொழியை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ தெரியாது, தமிழை வைத்து எழுதப்படவில்லை. குறளுக்கு ஏழு சீர். சீர்பிரித்து அச்சிட்டால் மென்பொருளுக்கு ஒவ்வொரு சீரும் ஒரு சொல். அடுத்தடுத்த மூன்று குறளைச் சேர்த்து எடுத்துக்காட்டினால் மூன்றாவது குறளின் முதல் சீரிலேயே எல்லை தாண்டிவிடுகிறது. குறுந்தொகைப் பாடல் நான்கு முதல் எட்டு அடி. ஆசிரியப்பாவில் அடிக்கு நான்கு சீர், கடைசிக்கு முந்தைய அடியாகிய ஈற்றயலடி மட்டும் மூன்று. ஆறடிப் பாடல் ஒன்று 23 சீர். மூவாயிரம் சொல் கொண்ட கட்டுரையில் பதினான்கு பாடல்களை முழுமையாகக் காட்டினால் 322 சொல், அதாவது 10 விழுக்காட்டுக்கு மேல். ஆய்வாளர் சொந்தமாக எழுதிய ஒரு வரியும் இன்னொருவருடையதோடு ஒத்துப்போகாமலே, கட்டுரை முதல் நிலைக் குற்றத்துக்குள் வந்துவிடுகிறது. இதில் உரையாசிரியர் மேற்கோள்களைச் சேர்க்கவில்லை. நச்சினார்க்கினியரை ஒரு பத்தி எடுத்துக் காட்டாமல் தொல்காப்பியம் பற்றி எவரும் எழுத முடியாது.

மேற்கோளுக்கு விலக்கு உண்டே என்பீர்கள். விதியில் உண்டு. ஆனால் மென்பொருள் மேற்கோளைப் பெரும்பாலும் மேற்கோள்குறியை வைத்தே அடையாளம் காண்கிறது. தமிழ்ப் பதிப்பு மரபில் செய்யுளை உள்தள்ளி அடியடியாகப் போடுவார்கள், குறி இடுவதில்லை. குறியிட்டாலும் தட்டச்சு மென்பொருளைப் பொறுத்து அது நேர்குறியா வளைகுறியா என்பது மாறும். 'மேற்கோளை நீக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு நூலகத்தில் அறிக்கை எடுப்பவர், எது நீங்கியது எது நீங்கவில்லை என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பதில்லை. பார்க்க அவருக்கு நேரமும் இல்லை. முதல் பக்கத்தில் இருக்கும் எண்தான் கையெழுத்தாகிறது.

இதன் விளைவு என்ன தெரியுமா? ஆய்வாளர்கள் மூலப்பாடலைத் தருவதை நிறுத்திவிட்டார்கள். பாடல் எண்ணை மட்டும் போட்டு, 'தலைவி தன் துயரைத் தோழியிடம் கூறுகிறாள்' என்று உரைநடையில் கருத்துச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். மூலத்தைக் காட்டாத இலக்கிய ஆய்வு எந்தப் பாடத்தை வைத்துப் பேசுகிறது என்று எப்படிச் சரிபார்ப்பது?

மறுபக்கம் திருடுபவரைப் பாருங்கள். அவருக்குத் தமிழ் இலக்கணமே துணை. 'கிற' என்பதை 'கின்ற' என்று ஆய்வேடு முழுக்க ஒரே சொடுக்கில் மாற்றிவிட்டால் 'கூறுகிறார்' எல்லாம் 'கூறுகின்றார்' ஆகிவிடும். தொடர்ந்து 14 சொல் ஒத்துப்போவது அறுந்துவிடும். சந்தியைப் பிரித்தால் ஒரு சொல் இரண்டாகும், சேர்த்தால் இரண்டு ஒன்றாகும். 'என்று' வரும் இடத்தில் 'என' போடலாம். பிறர் எழுதிய நாற்பது பக்க இயலை ஒரு மாலைப்பொழுதில் இப்படிச் சலவை செய்து 3 விழுக்காடு வாங்க முடியும்.

இதைவிட எளிய வழியும் உண்டு, அதைப் பலர் அறியாமலே செய்கிறார்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில் கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். மென்பொருள் அதைப் பொருளற்ற ஆங்கிலமாகப் படித்து, உலகில் எங்கும் இல்லாத எழுத்து என்று பூச்சிய விழுக்காடு தருகிறது. ஒருங்குறியில் (யூனிகோடு) அடித்திருந்தாலும் பி.டி.எஃப். ஆக்கும் முறை தவறினால் கொம்பு எழுத்துகள் இடம் மாறும். ஒருங்குறியில் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும், திரையில் முன்னால் தெரியும். பி.டி.எஃப்.இலிருந்து திரும்ப எடுக்கும்போது தெரிந்த வரிசையிலேயே வெளிவந்தால் 'கெ', 'கே', 'கை' வரும் சொல் ஒவ்வொன்றும் சிதையும். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒன்று, கணினிக்கு இரண்டு. 'கௌ' என்று அடிக்க வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமுமாக அடிப்பது இன்றும் பரவலான பிழை. 'ஸ்ரீ' என்பதற்குக்கூட இரண்டு குறியீட்டு வரிசைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

ஒப்பிடப்படும் களஞ்சியத்தின் நிலையும் இதுதான். ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்காவில் உள்ள பழைய தமிழ் ஆய்வேடுகளில் ஒரு பகுதி வெறும் படமாக வருடப்பட்டவை, இன்னொரு பகுதி பழைய எழுத்துருவில் அமைந்தவை. அவற்றிலிருந்து ஒரு முழு இயலை எடுத்தாலும் மென்பொருளுக்குத் தெரியாது, ஏனென்றால் களஞ்சியத்துக்கே அதைப் படிக்கத் தெரியாது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் 'தமிழ் அனைத்து எழுத்துரு 16' (TACE16) என்ற குறியாக்கத்தையும் 2010 ஜூனில் தரமாக அறிவித்தது. அதற்குப் பின்னும் பழைய எழுத்துருவில் ஆய்வேடு வாங்கிய பல்கலைக்கழகங்கள் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும், முழுப் பழியும் உங்கள் மீதில்லை.

அடுத்து இதழ்கள்.

2018 மே மாதம் 4,305 இதழ்களை உங்கள் பழைய பட்டியலிலிருந்து நீக்கினீர்கள். 2019-இல் கேர் வந்தது. அதில் ஓர் இதழைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு கல்வி நிறுவனத்தின் உள்தர உறுதிக் குழு வழியாக விண்ணப்பம் போக வேண்டும். தமிழ் ஆய்விதழ்களில் பல, ஓரிருவர் கைக்காசில் நடத்துபவை. எந்தக் கல்லூரியின் குடையும் அவற்றுக்கு இல்லை. அவை வாசலிலேயே நின்றன. உள்ளே போனவற்றுக்கு வேறு சோதனை. பட்டியலில் ஏறிய சிறிது காலத்திலேயே அதே பெயரில், அதே ஐ.எஸ்.எஸ்.என். எண்ணோடு இன்னோர் இணையதளம் முளைக்கும். உண்மையான இதழுக்கு இணையதளமே இராது, ஆண்டுக்கு நான்கு அச்சு இதழ் மட்டும் வரும். அந்த வெற்றிடத்தில் ஆள்மாறாட்ட இதழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'கேர் பட்டியலில் உள்ளது' என்று வாட்ஸ்ஆப் குழுக்களில் அறிவிப்பு வரும், கூடவே வங்கிக் கணக்கு எண்ணும் வரும். கட்டுரை அனுப்பிய மூன்றாம் நாள் ஏற்புக் கடிதம், பணம் கட்டியதும் சான்றிதழ். மதிப்பீட்டாளர் குறிப்பு என்று ஒரு வரிகூட வராது.

ஐ.எஸ்.எஸ்.என். என்பது தரச் சான்று என்ற நம்பிக்கை இன்னும் ஆசிரியர்களிடையே இருக்கிறது. அது வெறும் அடையாள எண். தொடர்ந்து வெளிவரும் எந்த வெளியீட்டுக்கும் புதுதில்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமின்றித் தரும் எட்டு இலக்கம். சோதிடப் பத்திரிகைக்கும் கிடைக்கும். அதைப் பெரிய எழுத்தில் அட்டையில் போட்டுக்கொள்ளும் இதழைக் கொஞ்சம் எட்ட நின்று பார்ப்பது நல்லது.

கருத்தரங்கச் சிறப்பிதழ் இன்னொரு வணிகம். ஒருநாள் கருத்தரங்கம், பதிவுக் கட்டணம், வந்த கட்டுரை அனைத்தும் 'சிறப்பிதழில்'. படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை ஒன்றுகூட இராது. கல்லூரிக்குத் தர மதிப்பீட்டின்போது காட்ட ஒரு நிகழ்ச்சி, ஆசிரியருக்கு ஒரு கட்டுரை, இதழுக்கு வருமானம். மூவருக்கும் ஆதாயம் என்பதால் இது நிற்பதில்லை.

இந்தச் சந்தையில்தான் இப்போது ஆய்வாளரைக் காவலின்றி விட்டிருக்கிறீர்கள். நிறுவனமே முடிவு செய்யட்டும் என்றால், அந்த நிறுவனத்தில் முடிவு செய்வது யார்? தமிழ்த்துறையில் மூன்று பேர் மட்டும் இருக்கும் கல்லூரி, அந்த மூவரும் எழுதும் இதழையே ஏற்புடையது என்று தீர்மானம் போடாமல் என்ன செய்யும்? நீங்கள் தந்த பரிந்துரைக் கூறுகளோ இணையதளம், ஆசிரியர் குழு விவரம், அறநெறிக் கொள்கை அறிவிப்பு, அட்டவணைத் தளங்களில் இடம் என்று வெளியே தெரிபவற்றைப் பார்க்கின்றன. இவை அனைத்தையும் போலி இதழ் ஒரே வாரத்தில் அழகாகச் செய்துவிடும். மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902-இல் தொடங்கிய 'செந்தமிழ்' இதழின் கட்டுரைகளை இன்றும் அடிக்குறிப்பில் தருகிறோம். உங்கள் கூறுகளை அதன் மீது வைத்துப் பாருங்கள், தேறாது.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் வந்த உங்கள் புதிய முனைவர் பட்ட ஒழுங்குமுறை கைவிட்டது. நல்ல முடிவு. 2016 விதியில் ஒரு கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரையும் கட்டாயமாக இருந்தன. ஆனால் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் சொந்த விதிகளில் அந்தக் கட்டாயம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, சிலவற்றில் 'கேர் பட்டியல் இதழ்' என்ற சொல்லோடேயே. இல்லாத பட்டியலில் இருக்கும் இதழைத் தேடச் சொல்வது என்ன நியாயம்? உதவித்தொகை முடியும் மாதத்தில் இந்தச் சான்றிதழுக்காக நிற்கும் ஆய்வாளர் காசு கொடுத்து வாங்காமல் வேறென்ன செய்வார்?

புள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2018 ஆசிரியர் நியமன ஒழுங்குமுறையின் அட்டவணைப்படி மொழித்துறையில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி. தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிட்ட முழு நூலுக்கும் 10. பதிப்பாசிரியராக இருந்தால் 8. மொழிபெயர்த்த நூலுக்கு 8. இதழுக்குத் தாக்க எண் (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) இருந்தால் கட்டுரைக்கு மேலும் 30 வரை ஏறும். தமிழில் வரும் இதழ்களுக்கு அந்த எண் எட்டாக்கனி.

சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்தமான பாடத்தைத் தரும் செம்பதிப்பு ஒன்றுக்கு என்ன உழைப்பு என்று அட்டவணை எழுதியவர்கள் கேட்டிருக்க வேண்டும். சுவடிகள் எந்தெந்த நூலகத்தில், எந்தெந்த வீட்டில் என்று தேட வேண்டும். ஏட்டில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஒவ்வொரு சீரையும் யாப்பையும் பொருளையும் வைத்து உறுதிசெய்து, ஐந்தாறு சுவடியின் பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் ஏற்றி, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். இன்றைய அட்டவணையில் அது பதிப்பாசிரியர் வரிசையில் 8 புள்ளி, அதுவும் பதிப்பகம் தேசியத் தரம் உடையது என்று கல்லூரி ஒப்புக்கொண்டால். பக்கத்து அறையில் மூன்று நாளில் ஏற்பு வாங்கிய நான்கு பக்கக் கட்டுரைக்கு 10. இளம் ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஓலைச்சுவடி படிக்கத் தெரிந்தவர் எண்ணிக்கை சுருங்குவதற்கு இந்த அட்டவணையும் ஒரு காரணம்.

2025 ஜனவரியில் நீங்கள் வெளியிட்ட புதிய நியமன ஒழுங்குமுறை வரைவு, புள்ளிக் கணக்குக்குப் பதிலாக ஒன்பது வகைப் பங்களிப்புகளைச் சொன்னது. அவற்றில் நான்கில் தகுதி காட்ட வேண்டும் என்றது. துணைவேந்தர் தேடுதல் குழுவைப் பற்றிய விவாதத்தில், அதன் மீது தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய தீர்மானத்தில், இந்த ஒன்பதும் கவனிக்கப்படாமல் போய்விட்டன. அந்த எதிர்ப்பின் நியாயம் வேறு, அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்பதில் இந்திய மொழிகளில் கற்பித்தல் ஒரு வகை. தொழில்முனைவு நிறுவனம் தொடங்குவது இன்னொன்று. பதிப்புப் பணிக்கும், சொல்லடைவுக்கும், வழக்காறுகளைக் களத்தில் திரட்டித் தொகுப்பதற்கும் தனி இடம் அதில் இல்லை.

ஆகவே மானியக் குழுவிடம் நாங்கள் கேட்பவை இவை.

2018 கருத்துத் திருட்டு ஒழுங்குமுறைக்கு இந்திய மொழிகளுக்கான விளக்க ஆணை ஒன்று வெளியிடுங்கள். மூலச் செய்யுள், நூற்பா, பழைய உரை, கல்வெட்டு வாசகம், களத்தில் திரட்டிய பாடல், பழமொழி ஆகியவை ஆதாரத்தோடு தரப்பட்டிருந்தால், மேற்கோள்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கில் சேராது என்று அதில் பெயர் குறித்துச் சொல்லுங்கள். முதல் பக்க விழுக்காட்டை மட்டும் வைத்து எந்த ஆய்வேட்டையும் திருப்பக் கூடாது, ஒத்துப்போன பகுதிகளை நெறியாளரும் துறைக்குழு உறுப்பினர் ஒருவரும் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்றும் சேருங்கள். 14 சொல் என்ற எல்லையை, தமிழ் போல் விகுதிகள் சொல்லோடு ஒட்டி வரும் ஒட்டுநிலை மொழிகளுக்கு மறுபரிசீலனை செய்ய மொழியியலாளரும் கணினித் தமிழ் அறிந்தவரும் உள்ள சிறு குழு அமையுங்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு நீங்கள் வழங்கும் ஒப்புமை மென்பொருளைத் தமிழில் சோதித்து முடிவை வெளியிடுங்கள். சோதனை எளிது: தெரிந்த ஓர் இயலை அப்படியே ஒருமுறை, 'கிற'வை 'கின்ற' ஆக்கி ஒருமுறை, சந்தி பிரித்து ஒருமுறை, பழைய எழுத்துருவில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். நான்கு எண்களையும் பொதுவில் வையுங்கள்.

கேர் பட்டியலின் கடைசி வடிவத்தை, ஒவ்வோர் இதழின் உண்மையான முகவரி, ஆசிரியர் பெயரோடு காப்பகமாகத் திறந்து வையுங்கள். உங்களுக்கு இதுவரை வந்த ஆள்மாறாட்டப் புகார்களின் இணைய முகவரிகளையும் அதிலேயே போடுங்கள். இனி இதழ்களை மதிப்பிட ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழி அறிஞர்களைக் கொண்ட குழு இருக்கட்டும். தமிழுக்கு அதை நடத்தத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் இருக்கின்றன. அந்தக் குழு இணையதளத்தைப் பார்ப்பதற்கு முன், கடைசி நான்கு இதழ்களைப் படிக்கட்டும். திருப்பி அனுப்பிய கட்டுரைகளின் எண்ணிக்கையையும், மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்புகளையும் ஆசிரியரிடம் கேட்டு வாங்கட்டும். அச்சில் மட்டும் வரும் இதழ் என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டாம்.

நியமனம், பணி மேம்பாட்டுக்கான விதி எந்த வடிவில் வந்தாலும் செம்பதிப்பு, சொல்லடைவு, அகராதி, களத் தொகுப்பு ஆகியவற்றைத் தனி வகையாக வையுங்கள். ஒரு செம்பதிப்பு குறைந்தது ஐந்து கட்டுரைக்கு இணை என்பது எங்கள் கணிப்பு. குறைப்பதானால் காரணம் சொல்லிக் குறையுங்கள்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிடம் கேட்பவற்றுக்கு தில்லியின் அனுமதி எதுவும் தேவையில்லை. ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கும் விதியை அடுத்த கல்விப் பேரவைக் கூட்டத்திலேயே நீக்குங்கள். நீக்க மனமில்லையென்றால் 'கேர்' என்ற சொல்லையாவது எடுத்துவிட்டு, துறைக்குழுவின் முன் ஆய்வாளர் தன் கட்டுரையைப் படித்து விவாதிப்பதை அதற்கு ஈடாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருங்குறி அல்லாத ஆய்வேட்டை வாங்காதீர்கள். வாங்கும் மேசையிலேயே பி.டி.எஃப்.இல் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் சிதையாமல் வந்தால் மட்டும் ஒப்புகைச் சீட்டுக் கொடுங்கள், அரை நிமிட வேலை. பழைய எழுத்துருவில் கிடக்கும் ஆய்வேடுகளை மாற்றித் திரும்ப ஏற்றுவதற்கு ஒரு கால அட்டவணை அறிவியுங்கள். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றிய பின் மெய்ப்புப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு முதுகலைத் தமிழ் மாணவர்களுக்குப் பக்கக் கணக்கில் ஊதியம் கொடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வெளியிட்ட கட்டுரையைப் பணி மேம்பாட்டுக்கு ஏற்பதில்லை என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். கட்டுரையோடு மதிப்பீட்டாளர் குறிப்பையும், அதற்கு ஆசிரியர் எழுதிய பதிலையும் இணைக்கச் சொல்லுங்கள். குறிப்பு இல்லாத கட்டுரைக்குப் புள்ளி இல்லை என்று அந்தச் சுற்றறிக்கையிலேயே இருக்கட்டும்.

இந்த மடலுக்கு மானியக் குழு எழுத்தில் விடையளிக்க வேண்டும் என்றும், அந்த விடையைத் தமிழிலும் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழாய்வை நெறிப்படுத்துவோரும் மதிப்பிடுவோரும் பதிப்பிப்போருமாகிய சிலர்